ஒன்ராறியோ நகரசபைப் பராமரிப்பு இல்லத்தில் மூத்த நிர்வாக உதவியாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் நகரசபைகளும் பிரதேச சபைகளும் நடத்தும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் அலுவலக வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களும், அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. நகரசபைத் தகவல் சுதந்திரச் சட்டம் தவிர, கீழே வரும் சட்டவிதிகள் தனியார் இல்லங்களுக்கும் இலாப நோக்கற்ற இல்லங்களுக்கும் பொருந்தும். மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு.

இந்த வேலையில உண்மையா என்ன செய்யிறது? போன் எடுக்கிறதும் டைப் அடிக்கிறதும்தானோ?

போனும் தட்டச்சும் ஒரு சிறு பகுதி. இல்லத்தின் நிர்வாகிக்கு வருகிற கடிதம், முறைப்பாடு, அமைச்சின் அறிவித்தல், தொழிற்சங்கக் கடிதம், விலைப்பட்டியல், ஆட்சேர்ப்புக் கோப்பு எல்லாம் முதலில் உங்கள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடுநாள் உண்டு. எது இன்றைக்கே போகவேண்டும், எது பத்து நாள் பொறுக்கும், எதை நிர்வாகி தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு.

பெரிய நகரசபைகளில் இந்தப் பதவி இரண்டு இடங்களில் இருக்கும். ரொறன்ரோ மாநகரம் பத்து இல்லங்களை நடத்துகிறது. ஸ்காபரோவில் உள்ள பெண்டேல் ஏக்கர்ஸ், செவன் ஓக்ஸ் அவற்றில் அடங்கும். இல்லத்துக்குள்ளே வேலை என்றால் குடியிருப்பாளர்களும் குடும்பங்களும் தினமும் உங்கள் ஜன்னலுக்கு வருவார்கள். தலைமை அலுவலகத்தில் என்றால் சபைக்குப் போகும் அறிக்கைகள், வரவுசெலவு, எல்லா இல்லங்களுக்குமான கொள்கை ஆவணங்கள் என்று போகும். விண்ணப்பிக்கும்போது எது என்று பாருங்கள். இரண்டுக்கும் தேவையான பொறுமை வேறு வேறு மாதிரியானது.

நான் நேர்ஸிங் படிக்கேல்லை. கிடைக்குமோ?

கிடைக்கும். இது மருத்துவப் பதவி அல்ல. பொதுவாக அலுவலக நிர்வாகத்தில் படிப்பு அல்லது அதற்கு ஈடான அனுபவம், வேர்ட், எக்செல், அவுட்லுக் ஆகியவற்றில் நல்ல கை, கூட்டக் குறிப்பு எடுக்கும் பழக்கம் ஆகியவற்றைக் கேட்பார்கள். நேர்முகத்தோடு எழுத்துப் பரீட்சையும் வைக்கும் இடங்கள் பல: ஒரு கடிதத்தைத் திருத்துவது, எக்செல் அட்டவணை ஒன்றைச் சரிசெய்வது, ஒரே நேரத்தில் வந்த ஐந்து வேலைகளை வரிசைப்படுத்துவது.

அந்த வரிசைப்படுத்தும் கேள்வியில்தான் பலர் தவறுகிறார்கள். மேலாளர் கேட்ட வேலையை முதலில் வைத்து, "இரவு அம்மாவின் கையில் காயம் கண்டேன்" என்ற மகளின் மின்னஞ்சலை மூன்றாவதாக வைப்பார்கள். குடியிருப்பாளருக்குத் தீங்கு நேர்ந்ததாகச் சொல்லும் எதுவும் எப்போதும் முதலாவது.

வேலை தொடங்க முதல் என்னென்ன கேப்பினம்?

பொலிஸ் பதிவுச் சோதனை, பாதிக்கப்படக்கூடியோர் பிரிவுச் சோதனையும் சேர்த்து. அது வேலைக்கு எடுக்கும் நாளுக்கு முந்திய ஆறு மாதத்துக்குள் செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். தொண்டு வேலைக்காகப் போன வருடம் எடுத்த பத்திரம் செல்லாது. சோதனை முடிய வாரக்கணக்கில் இழுக்கலாம் என்பதால் வேலை உறுதிக் கடிதம் கிடைத்த அன்றே விண்ணப்பியுங்கள்.

பொறுப்புகளைத் தொடங்குவதற்கு முன்பே பயிற்சி முடிக்கவேண்டும்: குடியிருப்பாளர் உரிமைப் பட்டயம், துன்புறுத்தலை முற்றாகச் சகிக்காத கொள்கை, அறிக்கையிடும் கடமை, தகவல் தந்தவரைப் பழிவாங்குவதற்கு எதிரான பாதுகாப்பு, தீ மற்றும் வெளியேற்றம், தொற்றுத் தடுப்பு. அலுவலகத்தில் இருப்பவருக்கு இது எதற்கு என்று தள்ளிப்போடும் மேலாளர்கள் உண்டு. சட்டம் எல்லாப் பணியாளருக்கும் என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு வருடமும் மீள்பயிற்சியும் உண்டு. பயிற்சி முடித்த திகதி பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

எந்தச் சட்டத்தை வாசிச்சு வைக்க வேணும்? கனக்க இருக்குதே.

முதலில் இரண்டு: ஃபிக்ஸிங் லோங்-டேர்ம் கெயார் சட்டம், 2021, அதன்கீழ் வந்த ஒன்ராறியோ ஒழுங்குவிதி 246/22. இரண்டும் 2022 ஏப்ரல் 11ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் இருந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் பழைய மாதிரிக் கடிதங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். பொதுக் கோப்புறையிலிருந்து எந்த மாதிரியை எடுத்தாலும் முதலில் அதைத் தேடித் திருத்துங்கள்.

பிறகு 2004ஆம் ஆண்டின் தனிப்பட்ட சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது எல்லாரும் பிஃபா என்று சொல்வது. சம்மதம் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டம். பதிலாளர் முடிவுகள் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டம். நகரசபை இல்லம் என்பதால் நகரசபைத் தகவல் சுதந்திரச் சட்டமும் சேரும். முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தக் கேள்வி எந்தச் சட்டத்துக்குள் விழுகிறது என்று தெரிந்தால் போதும்.

புது ஆள் ஒருத்தர் வந்து சேருறதில எங்கட வேலை எங்க தொடங்குது? நாங்களே ஆளைத் தெரிவு செய்யலாமோ?

தெரிவு உங்கள் கையில் இல்லை. தகுதியைப் பார்ப்பதும் காத்திருப்புப் பட்டியலை நடத்துவதும் ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் அமைப்பின் பிளேஸ்மென்ட் கோர்டினேட்டர். இந்த அமைப்பு 2024 ஜூன் 28இல் பழைய பதினான்கு அமைப்புகள் ஒன்றாகி உருவானது. சாதாரணமாக ஒருவர் ஐந்து இல்லங்கள்வரை தெரிவு செய்யலாம். விண்ணப்பக் கோப்பு உங்கள் இல்லத்துக்கு வந்தால் ஐந்து வேலை நாளுக்குள் பதில் போகவேண்டும்: ஏற்கிறோம், மறுக்கிறோம், அல்லது இன்னும் தகவல் வேண்டும். மறுப்பதற்கான காரணங்கள் சட்டத்திலேயே எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. முக்கியமானவை, தேவையான கட்டட வசதி இல்லை என்பதும் தேவையான தாதியர் திறன் இல்லை என்பதும். மறுப்புக் கடிதத்தில் காரணத்தை மட்டும் எழுதினால் போதாது, அதற்கு ஆதாரமான விபரங்களும் வேண்டும். கோப்பு வந்த திகதியும் நேரமும் பதியாமல் விட்டால் ஐந்து நாள் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலான தாமதம் அங்கேதான் பிறக்கிறது.

படுக்கை கிடைத்ததும் குடும்பத்துக்கு முடிவு சொல்ல 24 மணி நேரம், குடிவர ஐந்து நாள். மறுத்தால் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் பெயர் போய்விடும். நிலைமையில் பெரிய மாற்றம் இல்லாவிட்டால் 12 வாரங்களுக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி காத்திருப்பவர்களுக்கும் நெருக்கடி நிலையில் இருப்பவர்களுக்கும் விதிகள் வேறு. அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் ஊகித்துப் பதில் சொல்லாமல் கோர்டினேட்டரிடம் அனுப்புங்கள். ஜன்னலில் நின்று கேட்கிற மகனுக்கு நீங்கள் சொன்ன ஒரு தவறான வசனம் அவருடைய அப்பாவின் இடத்தைப் பறித்துவிடலாம்.

சேர்க்கைப் பத்திரத்தில கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு மகள் நிக்கிறா. அப்ப ஆளை எடுக்கேலாதோ?

எடுக்கவேண்டும். கையெழுத்து வைக்காவிட்டால் சேர்க்கமாட்டோம், அல்லது வெளியேற்றுவோம் என்று சொல்வதும், அப்படி நினைக்க விடுவதும் சட்டத்தில் தடை. வைத்த ஒப்பந்தத்தையும் குடியிருப்பாளர் 10 நாளுக்குள் இரத்துச் செய்யலாம். ஆகவே "இதில கையெழுத்து வைச்சால்தான் அறை" என்ற வசனம் உங்கள் வாயில் வரவே கூடாது. அவசரத்தில் வரும், கவனம்.

நடைமுறையில் என்ன வித்தியாசம் என்றால், அடிப்படை அறைக்கான கட்டணத்தை ஒப்பந்தம் இல்லாமலே அறவிடலாம். தனி அறை, அரைத்தனி அறை, முடிவெட்டு, கேபிள் போன்ற மேலதிகங்களுக்கு எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாமல் ஒரு சதமும் போடமுடியாது. கையெழுத்து மறுத்தவரின் கோப்பில் எந்தப் பத்திரம், எந்தத் திகதி, யார் விளக்கினார், என்ன காரணம் சொன்னார் என்று எழுதி வையுங்கள். பத்திரக் கட்டை அப்படியே நீட்டாமல் ஒவ்வொன்றாக விளக்கினால் பாதிப்பேர் மறுக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டும் என்ற பதற்றம்தான் சண்டையை உண்டாக்குகிறது.

பவர் ஒஃப் அட்டர்னி இருக்கெண்டு கொண்டுவந்து தாறார். அது போதும்தானே?

பவர் ஒஃப் அட்டர்னி என்பது ஒருவருக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். எந்தப் பவர் ஒஃப் அட்டர்னி என்று பாருங்கள். சொத்துக்கானது வேறு, உடற்பராமரிப்புக்கானது வேறு. சொத்துக்கான பத்திரம் வைத்திருப்பவர் பில் கட்டலாம், நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கலாம். சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல அந்தப் பத்திரம் உதவாது. உடற்பராமரிப்புக்கானவர் வங்கிக் கணக்கைத் தொடமுடியாது. இரண்டையும் ஒரே பெட்டியில் "பி.ஓ.ஏ. உண்டு" என்று பதிவது இந்த வேலையில் ஆகக்கூடுதலாகக் கேடு செய்யும் பிழை, ஏனென்றால் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் இரவு மூன்று மணிக்குத் தாதி போன் எடுப்பார்.

பிரதி எடுக்கும்போது பாருங்கள்: யாருடைய பெயர்கள், பலர் என்றால் சேர்ந்தே முடிவெடுக்கவேண்டுமா தனித்தனியாகவும் முடியுமா, எப்போதிருந்து செல்லும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்களா. துணைவரோ பிள்ளையோ, அதிகாரம் பெறுபவரோ சாட்சியாக முடியாது. சந்தேகம் இருந்தால் செல்லாது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் நிர்வாகியிடம் கொடுங்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நொத்தாரிசு எழுதிய அட்டர்னிப் பத்திரம் வந்தாலும் இதேதான்: சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் சட்டப் பிரிவின் கருத்தும் கேட்கவேண்டும்.

பத்திரமே இல்லாவிட்டாலும் சிகிச்சைச் சம்மதத்துக்குச் சட்டத்தில் ஒரு வரிசை உண்டு: நீதிமன்றம் நியமித்தவர் முதலாக, துணைவர், பிள்ளை அல்லது பெற்றோர், சகோதரர், மற்ற உறவினர் என்று இறங்கும். ஒருவரும் இல்லாவிட்டால் பப்ளிக் கார்டியன். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: குடியிருப்பாளருக்குத் தானே முடிவெடுக்கும் ஆற்றல் இருந்தால் அவரிடம்தான் கேட்கவேண்டும். பத்திரம் கோப்பில் இருப்பதால் அவருடைய வாய் மூடிவிடாது.

மாதக் காசு எப்பிடிக் கணக்குப் பாக்கிறது? குடும்பம் எங்கட பில் பிழை எண்டு நிக்கினம்.

மாகாணம் நாட்கட்டணத்தின் உச்சத்தை நிர்ணயிக்கிறது. 2024 ஜூலை 1இல் தொடங்கிய வருடத்தில் அது அடிப்படை அறைக்கு நாளுக்கு 66.95 டொலர், மாதத்துக்கு 2,036.40 டொலர், தனி அறைக்கு நாளுக்கு 95.65 டொலர் வரை இருந்தது. மாதத் தொகை என்பது நாட்கட்டணத்தை 30.4167ஆல் பெருக்கி வருவது, அதாவது 365ஐ 12ஆல் வகுத்தது. கட்டணம் வழக்கமாக ஜூலை 1இல் மாறும், அதற்கு முன் எழுத்தில் 30 நாள் முன்னறிவித்தல் போகவேண்டும். ஆகவே ஒவ்வொரு வருடமும் அமைச்சின் புதிய அட்டவணையைப் பார்த்தே பில் போடுங்கள்.

மாத நடுவில் வந்தவருக்கு வரும் வழக்கமான பிழை, மாதத் தொகையை 30ஆல் வகுப்பது. மேலே சொன்ன 2024 கட்டணத்தில் அப்போது நாளுக்கு 67.88 வரும், 93 சதம் கூட. 12 நாள் இருந்தவருக்குச் சரியான தொகை 803.40 டொலர், இப்படி வகுத்தால் 11.16 டொலர் அதிகம் அறவிட்டிருப்பீர்கள். தொகை சிறிதுதான், ஆனால் குடும்பம் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து உங்கள் ஒரு பில்லையும் நம்பாது.

இன்னொரு சண்டை, ஆள் மருத்துவமனையில் இருந்த நாட்களுக்கும் காசு ஏன் என்பது. மருத்துவ விடுப்பு 30 நாள், மனநல மருத்துவ விடுப்பு 60 நாள், வருடத்துக்கு 21 நாள் விடுமுறை, வாரத்துக்கு 48 மணி நேரம் சாதாரண விடுப்பு. இந்த நாட்களில் படுக்கை அவருக்காகக் காத்திருக்கிறது, அதனால் கட்டணமும் ஓடும். இதைச் சேர்க்கை நாளிலேயே சொல்லிவிடுங்கள். 30ஆம் நாள் நெருங்கும்போது நாட்காட்டியில் நினைவூட்டலும் வையுங்கள். அந்த வரம்பு தாண்டினால் வெளியேற்றம் வரும், மீண்டும் சேர்க்கைக்குக் கோர்டினேட்டரிடம்தான் போகவேண்டும்.

ஐயாவின்ர பென்ஷன் காணாது. பிள்ளையள் கட்ட வேணுமோ?

முதலில் கட்டணக் குறைப்புக்கு விண்ணப்பியுங்கள். இது அடிப்படை அறைக்கு மட்டும். தனி அறையில் இருப்பவர் அடிப்படை அறைக்கு மாறக் கேட்கவேண்டும், மாறும்வரை முழுத் தொகைதான். வருமான வரித்துறையின் நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ட், அதாவது வரிக் கணிப்பு அறிவித்தல், இல்லாமல் கோப்பு நகராது. வருமானமே இல்லாதவரும் வரிப்படிவம் தாக்கல் செய்திருக்கவேண்டும், ஸ்பொன்சரில் வந்த அப்பா அம்மாமாருக்கு இது பெரும்பாலும் விடுபட்டிருக்கும். பொதுவாக 18 வயதுக்குப் பின் கனடாவில் 10 வருடம் வாழாதவருக்கு ஓ.ஏ.எஸ். எனப்படும் முதியோர் ஓய்வூதியம் கிடையாது, அப்படியானவரின் கோப்புக்கு மேலதிக ஆவணங்கள் தேவைப்படும், ஆகவே முன்கூட்டியே தொடங்குங்கள்.

குறைப்பு ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படவேண்டும். சுழற்சி ஜூலை 1இல் திரும்பும். புதுப்பிக்காதவருக்கு ஜூலை பில் முழுத்தொகையில் போகும். வரித் தாக்கலின் கடைசி நாள் ஏப்ரல் 30. அசெஸ்மென்ட் மேயில் வரத் தொடங்கும். மேயில் ஒரு பட்டியல் எடுத்து, பத்திரம் தராத ஒவ்வொருவருக்கும் போன் எடுங்கள். கடிதம் மட்டும் போதாது. உங்கள் ஒரு போன், ஒரு முதியவருக்கு மாதத்துக்கு நூற்றுக்கணக்கான டொலர்.

துணைவர்களில் ஒருவர் இல்லத்திலும் மற்றவர் வீட்டிலும் என்றால் இன்னொன்று உண்டு. வருமானம் குறைந்த முதியோருக்கான மேலதிகத் தொகையான ஜி.ஐ.எஸ்., தம்பதியின் இருவர் வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். தங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் பிரிந்து வாழ்கிறோம் என்று சர்வீஸ் கனடாவுக்குத் தெரிவித்தால் இருவரையும் தனி ஆட்களாகக் கணக்கிடலாம், பலருக்குத் தொகை கூடும். இது விவாகரத்து அல்ல, உறவுக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பலர் அந்தப் பயத்தில்தான் படிவத்தைத் தொடுவதில்லை.

குடியிருப்பாளரின்ர கைச்செலவுக் காசை எங்க வைக்கிறது?

வட்டி சேராத நம்பிக்கைக் கணக்கில். ஒருவருக்கு 5,000 டொலருக்கு மேல் வைத்திருக்க முடியாது. இல்லத்தின் வேறு எந்தப் பணத்தோடும் கலக்கக்கூடாது. போடவும் எடுக்கவும் கட்டணம் அறவிடக்கூடாது. ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் பற்றுச்சீட்டு, காலாண்டுக்கு ஒருமுறை விபரக் கூற்று. இந்தக் கணக்கிலிருந்து மாதக் கட்டணத்தையோ முடிவெட்டுக் காசையோ எடுப்பதென்றால் எழுத்தில் அனுமதி வேண்டும்.

பிழை எங்கே வருகிறது என்றால் சில்லறைப் பெட்டியில். வார இறுதியில் தாதி மேசையிலிருந்து 20 டொலர் கொடுப்பார்கள், சீட்டு திங்கட்கிழமை தொலைந்திருக்கும். பெட்டியை ஒவ்வொரு நாளும் இருவர் எண்ணிக் கையெழுத்திடுங்கள். வங்கிக் கூற்றோடு ஒவ்வொரு மாதமும் ஒப்பிடுவதை நீங்களே செய்து நீங்களே சரிபார்க்காதீர்கள். இரண்டாவது ஆள் வேண்டும். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஆள் இறந்திட்டார். பவர் ஒஃப் அட்டர்னி உள்ள மகன் மிச்சக் காசைக் கேக்கிறார்.

மேலே சொன்ன இரண்டு பவர் ஒஃப் அட்டர்னிகளும் மரணத்தோடு முடிந்துவிடும். மீதிப்பணம் மரணசொத்தின் பொறுப்பாளருக்குரியது, அதாவது மரணசாசனத்தில் பெயர் சொல்லப்பட்டவர் அல்லது நீதிமன்றம் நியமித்தவர். மகனே அந்த ஆளாகவும் இருக்கலாம். அதைக் காட்டும் பத்திரத்தைக் கேளுங்கள். செத்தவீட்டுச் செலவு நெருக்கும் நேரம் என்பதால் இதை முதல் நாளே மெதுவாகச் சொல்லி, தேவையான பத்திரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூன்று முறை அலையவிடாதீர்கள்.

முறைப்பாடு ஒண்டு ஈமெயிலில வந்தா எத்தினை நாள் டைம்?

10 வேலை நாளுக்குள் பதில். அதற்குள் தீராவிட்டால் கிடைத்தது என்ற அறிவிப்பும் எப்போது தீரும் என்ற திகதியும் அதே 10 நாளுக்குள் போகவேண்டும். தீங்கு அல்லது தீங்குக்கான ஆபத்து என்று சொன்னால் விசாரணை உடனே தொடங்கவேண்டும், எழுத்து மூலமானதை அமைச்சில் உள்ள டிரெக்டருக்கு உடனே அனுப்பவேண்டும். வாய்மொழியாகச் சொல்லி 24 மணி நேரத்துக்குள் தீர்ந்தவற்றுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

பதிவில் இருக்கவேண்டியவை: முறைப்பாட்டின் தன்மை, கிடைத்த திகதி, என்ன செய்யப்பட்டது, எப்போது, இறுதித் தீர்வு, முறைப்பாட்டாளருக்குப் பதில் சொன்ன ஒவ்வொரு திகதியும், அதற்கு அவர் சொன்ன மறுமொழியும். கடைசி இரண்டும்தான் விடுபடும், போனில் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. பதிலில் அமைச்சின் இலவச இலக்கமான 1-866-434-0144உம் நோயாளர் முறைப்பாடுகளைப் பார்க்கும் பேஷண்ட் ஒம்புட்ஸ்மனின் தொடர்பு விபரமும் கட்டாயம். மாதிரிக் கடிதத்தின் அடியிலேயே அச்சடித்து வையுங்கள். காலாண்டுக்கு ஒருமுறையாவது எல்லா முறைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்து எது திரும்பத் திரும்ப வருகிறது என்று ஆராயவேண்டும். சாப்பாடு ஆறிப்போய் வருகிறது என்று ஆறு பேர் தனித்தனியே சொன்னது அப்போதுதான் கண்ணில் படும்.

அந்த அம்மா என்னட்டத் தமிழில மட்டும் ஒரு விசயம் சொன்னா, ஆருக்கும் சொல்லாத எண்டா. நான் நேர்ஸ் இல்லையே, என்ன செய்ய?

அடித்தார்கள், கவனிக்காமல் விட்டார்கள், காசை எடுத்தார்கள் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் உடனே அறிவிக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. அலுவலகப் பணியாளர் என்ற விதிவிலக்கு இல்லை. செய்தவர் பணியாளரா, இன்னொரு குடியிருப்பாளரா, சொந்த மகனா என்பதும் விடயமல்ல. பென்ஷன் காசைக் குடும்பம் எடுத்துக்கொண்டு அம்மாவுக்குச் செருப்புக்கூட வாங்கிக் கொடுக்காததும் இதற்குள் வரும்.

அந்த அம்மாவுக்கு "சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "இதைச் சரியான ஆளிட்டச் சொன்னால்தான் அம்மா உங்களைப் பாதுகாக்கலாம், நான் கூட நிப்பன்" என்று சொல்லுங்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே தமிழில் எழுதி, அடியில் ஆங்கிலத்தில் போட்டு, நேரம் குறித்துக்கொண்டு, பொறுப்புத் தாதியிடமும் நிர்வாகியிடமும் போங்கள். மேலே சொல்லிவிட்டேன் என்பதால் உங்கள் கடமை தீர்ந்துவிடாது. அமைச்சுக்குப் போனதா என்று உறுதிசெய்யுங்கள். நல்லெண்ணத்தோடு அறிவித்தவரைப் பழிவாங்குவது சட்டத்தில் தடை.

வேற சம்பவங்களுக்கும் இப்பிடித்தானோ?

இரண்டு வகை. உடனே அறிவிக்கவேண்டியவை: அவசரநிலை, எதிர்பாராத மரணம், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ காணாமற்போனவர், அறிவிக்கப்படவேண்டிய நோயின் பரவல், குடிநீர் மாசு. ஒரு வேலை நாளுக்குள்: காணாமற்போய் மூன்று மணி நேரத்துக்குள் காயமின்றித் திரும்பியவர், கணக்கில் வராத கட்டுப்பாட்டு மருந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நிலைமை பெரிதும் மாறிய காயம். எழுதுவது தாதியர் பொறுப்பாக இருந்தாலும், பின்தொடரும் அறிக்கையின் நாளை எண்ணிக்கொண்டிருப்பது பெரும்பாலும் நீங்கள்.

தமிழ் தெரியுமெண்டு எல்லாத்துக்கும் மொழிபெயர்க்கக் கூப்பிடினம். போகலாமோ?

பில் விளக்க, அறை காட்ட, சாப்பாட்டு விருப்பம் கேட்கத் தாராளமாகப் போங்கள். அது அந்த முதியவருக்குப் பெரிய ஆறுதல். சிகிச்சைச் சம்மதம், முடிவெடுக்கும் ஆற்றலைச் சோதிப்பது, துன்புறுத்தல் விசாரணை ஆகிய மூன்றுக்கும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். "தலைக்குள்ள ஏதோ செய்யுது" என்று அவர் சொன்னதை நீங்கள் தலைவலி என்று சொன்னால் ஒரு சிகிச்சை தவறான பக்கம் போகும். மறுப்பதை மேலாளருக்கு எழுத்தில், மரியாதையாக, காரணத்தோடு சொல்லுங்கள்.

குடியிருப்பாளர் கவுன்சில் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்கப் போகச் சொல்லினம்.

அழைப்பு இருந்தால் மட்டும். நிர்வாகி உட்படப் பணியாளர் எவரும் கவுன்சில் அழைத்தால்தான் உள்ளே போகலாம். கவுன்சிலுக்கு உதவ நியமிக்கப்பட்ட ஓர் உதவியாளர் இருப்பார், முதலில் அவரிடம் பேசுங்கள். கவுன்சில் கவலையோ ஆலோசனையோ எழுத்தில் தந்தால் 10 நாளுக்குள் எழுத்தில் பதில் போகவேண்டும். இங்கே "வேலை நாள்" என்ற சொல் இல்லை. முறைப்பாட்டின் 10 நாளோடு குழப்பாதீர்கள். குறிப்பைச் சுவரில் ஒட்டக் கவுன்சிலின் சம்மதம் வேண்டும்.

இன்வொய்ஸ்களை எந்தப் பக்கம் போடுறது எண்டு குழப்பமாக் கிடக்கு.

மாகாணப் பணம் உறைகளாக, அதாவது எதற்குச் செலவழிக்கலாம் என்று பிரித்த பங்குகளாக, வருகிறது: தாதியர் மற்றும் உடற்பராமரிப்பு, நிகழ்ச்சி மற்றும் ஆதரவுச் சேவை, உணவு, மற்றைய தங்குமிடச் செலவு. முதல் மூன்றிலும் செலவழிக்காதது மாகாணத்துக்குத் திரும்பும். கட்டுத்துணி தாதியர் உறை, கைவேலை வகுப்புப் பொருட்கள் நிகழ்ச்சி உறை, அரிசி மரக்கறி உணவு உறை. சமையற்காரரின் சம்பளம் உணவு உறையில் வராது, அது மற்றைய தங்குமிடச் செலவு. புதியவர் எல்லாரும் இதில் தடுக்குவார்கள். ஆண்டறிக்கை ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஆகவே டிசம்பரில் கிடைத்த பொருளின் இன்வொய்ஸ் ஜனவரியில் வந்தாலும் டிசம்பர் கணக்கில் போகவேண்டும்.

இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்து வாசலில நிக்கிறார். என்ன குடுக்கிறது?

அவர்கள் சொல்லாமல்தான் வருவார்கள். நிர்வாகிக்கு அறிவித்து, அறை ஒன்று, குடியிருப்பாளர் பட்டியல், பணி அட்டவணை, முறைப்பாட்டுப் பதிவு, பயிற்சிப் பதிவு, கவுன்சில் தலைவர்களின் பெயர் ஆகியவற்றைத் தயாராக்குங்கள். இல்லாத பத்திரத்தை அன்றைக்கு உருவாக்கிப் பின்திகதி போடுவது குற்றத்துக்குச் சமம். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். நிர்வாகத் தண்டப்பணம் 250,000 டொலர் வரை போகலாம்.

அறிக்கை வந்தபின் ஒரு பொறி உண்டு. இல்லத்துக்கான பிரதியில் குடியிருப்பாளரை அடையாளம் காட்டும் விபரம் இருக்கலாம். பொதுப் பிரதி தனியாக வரும். சுவரில் ஒட்டவேண்டியது பொதுப் பிரதி. கடந்த இரண்டு வருட அறிக்கைகள் அங்கே இருக்கவேண்டும்.

எந்தப் பேப்பரை எவ்வளவு காலம் வைச்சிருக்கிறது?

வெளியேறிய குடியிருப்பாளரின் பதிவு குறைந்தது 10 வருடம், அதில் முதல் வருடம் இல்லத்திலேயே. விலகிய பணியாளரின் பதிவு 7 வருடம், அதுவும் முதல் வருடம் இல்லத்தில். வருகையாளர் பதிவு குறைந்தது 30 நாள். நகரசபையின் ஆவணத் தக்கவைப்பு விதி இதைவிட நீளமாக இருந்தால் நீளமானதைப் பின்பற்றுங்கள். தகவல் கோரிக்கையோ வழக்கோ இருந்தால் எந்தக் காலமும் முடிந்தது என்று அழிக்கமுடியாது. உங்கள் மின்னஞ்சலும் குறிப்புப் புத்தகமும்கூடத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்கப்படலாம், பதில் சொல்ல 30 நாள்.

ஊர்க்காரர் ஒருத்தர் இஞ்ச இருக்கிறார். எப்பிடி இருக்கிறார் எண்டு சிஸ்டத்தில ஒருக்காப் பாக்கலாமோ?

கூடாது. வேலைக்குத் தேவையில்லாமல் கோப்பைத் திறப்பது, ஒன்றும் வெளியே சொல்லாவிட்டாலும், பிஃபா மீறல். யார் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தார் என்பது பதிவாகும். 2024 ஜனவரி 1 முதல் தனிநபருக்கு 50,000 டொலர் வரை நிர்வாகத் தண்டம் விதிக்கலாம். நீதிமன்றம் போனால் 200,000 டொலரும் ஒரு வருடச் சிறையும் வரை. நம் சமூகம் சிறியது, கோயிலிலும் கலியாண வீட்டிலும் "அவர் உங்கட ஹோமிலதானே?" என்று கேட்பார்கள். அவர் அங்கே இருக்கிறார் என்பதே தனிப்பட்ட தகவல். உங்களுக்கு நெருங்கிய உறவினர் அங்கே சேர்ந்தால் நிர்வாகிக்கு எழுத்தில் அறிவித்து, அந்தக் கோப்பு வேலைகளை வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள். அவரைப் பார்க்க ஆசையா, வேலை முடிந்தபின் வருகையாளர் பதிவில் பெயர் எழுதிவிட்டு அறைக்குப் போங்கள்.

இந்தப் பதவி யூனியனுக்குள்ள வருமோ?

இடத்தைப் பொறுத்தது. தொழில் உறவு விடயங்களில் இரகசியமான பொறுப்பில் வேலை செய்பவர் 1995ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி தொழிற்சங்கத்துக்கு வெளியே இருப்பார். ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம், பேச்சுவார்த்தைத் தயாரிப்பு உங்கள் கையால் போகிறது என்றால் பெரும்பாலும் வெளியேதான். விளம்பரத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். எழுதியிராவிட்டால் நேர்முகத்தில் கேளுங்கள், ஏனென்றால் மேலதிக நேரச் சம்பளமும் சேவை மூப்பும் அதைப் பொறுத்தே மாறும்.